அந்தச் சனிக்கிழமை நீ ஏன் போகவில்லை

பாப்பா,

அடுத்த மாதம் கூச்சிங்கிற்குப் போகிறேன் என்று நீ சொன்ன நாளிலிருந்து இந்தக் கடிதத்தை மனதுக்குள் எழுதிக்கொண்டிருக்கிறேன். கல்லூரியில் கணக்குப் பாடம் எடுக்கிற வேலை, தங்குவதற்கு அறை கொடுக்கிறார்கள், நல்ல மாதிரியான ஆட்கள் என்று நீ ஒவ்வொன்றாகச் சொன்னாய். நான் "சரிம்மா, சரிம்மா" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். "கடல் தாண்டியா போற?" என்று மட்டும் ஒரு தடவை கேட்டேன். "பிளேன்ல ரெண்டு மணி நேரத்துக்குள்ளதான்பா" என்றாய். பிறகு இங்கே மழையா என்று நீ கேட்டாய், இல்லை என்றேன், போனை வைத்துவிட்டோம். நமக்குள் இப்போதெல்லாம் பேச்சு இவ்வளவுதான். சொல்ல வேண்டியது ஒன்று நடுவில் கிடக்கிறது. அதைச் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருக்கிறோம். அது என்ன என்று உனக்குப் பாதி தெரியும். மீதிப் பாதி உனக்குத் தெரியாது. நீ கிளம்புவதற்குள் அதை எழுதிவிட வேண்டும். இதை நீ மட்டும் படிக்கப் போவதில்லை, தோட்டத்தில் மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். அதனால் உனக்குத் தெரிந்த விஷயங்களையும் முதலிலிருந்தே சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நீ இன்ஜினியர் பதிவு வாங்கிய வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கும். பெயருக்கு முன்னால் 'இர்' என்று போட்டுக்கொள்ளலாம் என்று நீ போனில் சொன்னாய். பரீட்சை, நேர்முகம், அதற்கு முன்னால் இத்தனை வருஷம் வேலை என்று நீ பட்ட பாட்டையெல்லாம் நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. அந்த இரண்டெழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டேன். மறுநாள் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு பிரஷர் மாத்திரை வாங்கப் போனபோது நர்ஸிடம் சொன்னேன். பஸ் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிறவரிடம் சொன்னேன். உன் அம்மா இருந்திருந்தால் போதும் நிறுத்துங்க என்றிருப்பாள். அவள் போய் அப்போது நான்கு வருஷம். நிறுத்துவதற்கு ஆள் இல்லை. அந்த வருஷக் கோயில் திருவிழா அழைப்பிதழில் உபயக்காரர் வரிசையில் உன் பெயரை 'இர்' சேர்த்துப் பெரிய எழுத்தில் போடச் சொன்னேன். கமிட்டிச் செயலாளர் நான்தானே. நீ அதைப் பார்த்துவிட்டு, "அப்பா, அது அலங்காரத்துக்குப் போடறது இல்ல. அதைப் போட்டா, நான் சொல்றதுக்கு நான் பொறுப்புன்னு அர்த்தம்" என்றாய். எனக்கு வருத்தமாகிவிட்டது. பெற்றவன் சந்தோஷம் இவளுக்குப் புரியவில்லையே என்று நினைத்தேன். நீ சொன்னதில் ஒரு வார்த்தைகூட எனக்குள் இறங்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதற்கும் ரொம்ப வருஷம் முன்னால், நீ மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ படித்துக்கொண்டிருந்தாய். நான் பெக்டரியில் தேயிலை காய வைக்கும் பகுதிக்கு மண்டோர், வேலையை மேற்பார்வை பார்க்கிறவன். தினமும் காலையில் இரும்பு ஏணியில் ஏறி, மேலே இருக்கிற பெல்ட்டும் மூடியும் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, சுவரில் தொங்கும் அட்டையில் அந்தந்த நாளுக்கு ஓர் அடையாளம் போட வேண்டும். ஒரு திங்கட்கிழமை ஸ்கூல் லீவு, உன்னைக் கூட அழைத்துப் போயிருந்தேன். நான் ஏணியில் ஏறவில்லை. பேனாவை எடுத்து, திங்கள் தொடங்கிச் சனி வரைக்கும் ஆறு கட்டத்திலும் ஒரே மூச்சில் டிக் போட்டேன். நீ பார்த்துக்கொண்டே இருந்தாய். "அப்பா, வியாழக்கிழமை இன்னும் வரவே இல்லையே?" என்று கேட்டாய். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு உன் கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்தேன். அந்த மெஷின் நான் ஓய்வு பெறும் வரைக்கும் ஒரு தொல்லையும் கொடுக்கவில்லை. அதனால் நான் செய்தது தப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒன்றும் நடக்காமல் போனதால் நம் வீட்டில் தப்பு என்று பெயர் வாங்காமலே போன காரியங்கள் இப்படி எத்தனையோ.

இப்போது மண்டபத்துக்கு வருகிறேன். கோயில் மண்டபத்துக்குப் பின்னால் சமையல் கட்டை நீட்டிக் கட்டினோம். அதற்காகப் பின்பக்கத்து மேட்டை வெட்டினோம். வெட்டின மேட்டுக்குத் தடுப்புச் சுவர் வேண்டும், பதிவு பெற்ற இன்ஜினியரின் கையெழுத்தும் சாப் என்கிற முத்திரையும் இல்லாமல் அனுமதி இல்லை என்று மாவட்ட மன்றத்தில் சொல்லிவிட்டார்கள். கமிட்டிக் கூட்டத்தில் இதைச் சொன்னதும் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்று, "நம்ம வீட்டுலேயே இன்ஜினியர் இருக்கே லா, எதுக்கு வெளியே போகணும்?" என்றேன். கை தட்டினார்கள். உன்னைக் கேட்காமல் உன் பெயரைச் சபையில் கொடுத்துவிட்டு வந்தேன். காண்ட்ராக்டர் குமரேசன் மலைக்குக் கீழே தாப்பா டவுனில் யாரையோ வைத்து ஒரு படம் வரைந்து கொண்டுவந்தார். அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கோலாலம்பூருக்கு பஸ் ஏறினேன்.

நீ படத்தை மேசையில் விரித்து ரொம்ப நேரம் பார்த்தாய். "இதை யார் வரைஞ்சது? நான் வரையாத படத்துல, என் மேற்பார்வை இல்லாத வேலையில, நான் சாப் அடிக்கக் கூடாதுப்பா. அது எங்க விதி" என்றாய். நான் என்ன சொன்னேன் என்பதை அப்படியே எழுதுகிறேன். "பெரிய விதி. உன்னைப் படிக்க வெச்ச தோட்டத்துக்கு ஒரு கையெழுத்துப் போட உனக்கு விதி தடுக்குதா?" என்றேன். சாப்பிடாமல் எழுந்து வந்தேன். இரண்டு வாரம் உன் போனை எடுக்கவில்லை. கடைசியில் நீதான் இறங்கி வந்தாய். பழைய படத்தைத் தள்ளிவிட்டு நீயே புதிதாக வரைந்தாய். இரண்டு தடவை மேலே வந்து மண்ணைத் தோண்டிப் பார்த்தாய், அஸ்திவாரத்தை ஆழமாக்கச் சொன்னாய், கம்பி கட்டும்போது பக்கத்தில் நின்றாய். அந்த வேலைகளிலெல்லாம் உன்னை யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. பிறகு உன்னை விசாரித்த இன்ஜினியர்கள் வாரியத்தில்கூட அதைச் சொன்னார்கள்.

அந்த இரண்டாவது தடவை வந்தபோது வீட்டில் தோசை சாப்பிட்டுக்கொண்டே எனக்கு விளக்கினாய். "அப்பா, சுவரு மண்ணைத் தாங்கிடும். தண்ணியைத்தான் தாங்காது. பின்னால தண்ணி தேங்கினா என்ன கனமான சுவரையும் தள்ளிடும். அதனால சுவருக்குப் பின்னால குழாய் பதிச்சு, ஜல்லி போட்டு, தண்ணி வெளியே வர ஓட்டை விடணும். அதைப் பண்ணி முடிச்சதும், மண்ணு போட்டு மூடறதுக்கு முன்னால என்னைக் கூப்பிடணும். நான் வந்து பார்க்காம மூடக் கூடாது. குமரேசன்கிட்ட சொல்லிட்டேன். நீங்களும் ஞாபகம் வெச்சுக்குங்க." நான் தலையாட்டினேன். எனக்கு நன்றாகவே புரிந்தது, பாப்பா. இதற்குப் பிறகு நான் எழுதப் போவதைப் படிக்கும்போது, அப்பாவுக்குப் புரிந்திருக்காது என்று நீ எனக்காகச் சமாதானம் தேடுவாய். அதற்கு இடமே கொடுக்காமல் சொல்கிறேன். எனக்குப் புரிந்தது.

ஆவணியில் வரிசையாகக் கல்யாணங்கள் இருந்தன. மண்டபம் எப்போது திறக்கும் என்று தினமும் யாராவது என் வீட்டு வாசலில் நின்றார்கள். ஒரு வியாழக்கிழமை நான் போனபோது குமரேசனின் ஆட்கள் சுவருக்குப் பின்னால் லோரியிலிருந்து மண்ணைக் கொட்டி மிதித்துக்கொண்டிருந்தார்கள். பாதிக்குமேல் மூடியாகிவிட்டது. உன்னைக் கூப்பிட வேண்டும் என்று நீ சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. வெள்ளை பிளாஸ்டிக் குழாய்கள், நீ எழுதிக் கொடுத்து வாங்கியவை, மண்டபத்துப் பக்கச் சுவர் ஓரமாக அடுக்கியபடியே கிடந்தன. "குமரேசா, குழாய் இங்க கிடக்கே?" என்றேன். "அது மிச்சம்ணே. தேவைப்படல. பாப்பா புக்குல படிச்சதை எழுதியிருக்கு, இங்க மண்ணு நல்ல கெட்டி" என்று சிரித்தார். நான் குழாய்களை ஒரு தடவை பார்த்தேன். சுவரின் முகத்தைப் பார்த்தேன், ஓர் ஓட்டைகூட இல்லை. "சனிக்கிழமை பாப்பா வருது, அதுக்குள்ள முடிச்சிருவியா?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். இதுதான் உனக்குத் தெரியாத பாதி.

சனிக்கிழமை நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் அதை நான் எப்படிப் பார்த்தேன் என்று உனக்குத் தெரியாது. நீ மத்தியானம் வந்து சேர்ந்தாய். மூன்று மாதத்துக்குப் பிறகு வந்திருந்தாய். நான் காலையில் ரிங்லெட் பாசாரில் உனக்குப் பிடித்த மீன் வாங்கிக் குழம்பு வைத்திருந்தேன். சாப்பிட்டு முடிக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. நீ காரிலிருந்து சேறு மிதிக்கிற அந்தப் பெரிய சப்பாத்தை எடுத்துவந்து, வாசல்படியில் உட்கார்ந்து ஒரு காலில் மாட்டிக்கொண்டாய். அது எனக்கு இன்றைக்கும் அப்படியே தெரிகிறது. ஒரு கால் சப்பாத்து, மறு கால் வெறுங்கால். "எங்கம்மா?" என்றேன். "சுவரைப் பார்த்துட்டு வந்துடறேன்பா. அதுக்குத்தானே வந்தேன்" என்றாய்.

"இந்த மழையிலயா? நான்தான் தினம் பார்க்கறேனே. கல்லு மாதிரி நிக்குது" என்றேன்.

"மூடிட்டாங்களாப்பா? குழாயெல்லாம்?"

"எல்லாம் நீ சொன்னபடிதான் பண்ணியிருக்கு. மூணு மாசத்துக்கு ஒரு நாள் வர்ற, அதையும் சேத்துல போய் நிக்கணுமா? உட்காரு. டீ போட்டிருக்கேன்."

நீ யோசித்தாய். சப்பாத்தைக் கழற்றினாய். டீ குடித்தாய். மாவட்ட மன்றத்துக்குக் கொடுக்க வேண்டிய போரத்தை எடுத்து, வேலை முடிந்தபின் நேரில் பார்த்தேன் என்று எழுதியிருந்த இடத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டு, சாப் அடித்தாய். பிறகு நாம் இரண்டு பேரும் உன் அம்மாவின் பழைய போட்டோக்களைப் பார்த்துக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் பேசினோம். அவள் இறந்தபிறகு எனக்கு அவ்வளவு நல்ல நாள் ஒன்று வாய்த்ததில்லை. அதனால்தான் சொல்லக் கூசுகிறது. குழாய் விஷயம் நீ பார்த்தால் சண்டை வரும், சுவரை இடிக்கச் சொல்வாய், கல்யாணங்கள் நின்றுபோகும் என்ற பயம் எனக்கு இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைவிடப் பெரிதாக இருந்தது வேறு ஆசை. நீ என் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

நவம்பரில் பதினோரு நாள் விடாமல் மழை. ஒரு காலை, நிச்சயதார்த்தச் சமையலுக்குப் பாத்திரம் கழுவ வந்த சாரதா சமையல் கட்டில் இருந்தபோது சுவர் உள்ளே சாய்ந்தது. சாரதா உனக்கு ஸ்கூலில் இரண்டு வகுப்பு மேலே படித்தவள், கொழுந்து எடுக்கிறவர்களில் அவள் கைக்கு ஈடு கிடையாது என்று தோட்டத்துத் துரையே சொல்வார். சத்தம் கேட்டு ஓடிப் போனேன். அவள் கத்தவே இல்லை. "அண்ணே, கால் தெரியல, கால் எங்கண்ணே" என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கையால் மண்ணைத் தோண்டினோம். தானா ராத்தாவுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஈப்போவுக்கு அனுப்பினார்கள். இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கொழுந்து மலையில் ஏற இனி அவளால் முடியாது.

நீ அன்று மத்தியானமே வந்துவிட்டாய். விழுந்து கிடந்த சுவர்த் துண்டுகளுக்கு நடுவே நடந்தாய். குனிந்து ஒவ்வொரு துண்டாகத் தடவிப் பார்த்தாய். பிறகு நிமிர்ந்து, "குழாய் எங்கப்பா?" என்று கேட்டாய். "தெரியலம்மா" என்றேன். அந்தக் குழாய்களைக் குமரேசன் அதற்கு ரொம்ப நாள் முன்பே வேறு வேலைக்கு எடுத்துப் போயிருந்தார். அவை கிடந்த இடத்துக்கு ஆறடி தள்ளி நின்றுகொண்டுதான் தெரியல என்றேன்.

வாரியத்திலிருந்து விசாரணை என்று கடிதம் வந்ததும் நீ எனக்குப் போன் பண்ணினாய். "அங்க ஒருத்தர் வருவாருப்பா. உள்ளதைச் சொல்லுங்க" என்றாய். அவர் வந்தார், மரியாதையான மனிதர், மலாயில் பேசினார். டீ கொடுத்தேன், குடித்தார். அந்தச் சனிக்கிழமை உங்கள் மகள் சுவரைப் போய்ப் பார்த்தாரா என்று கேட்டார். இல்லை, வீட்டில்தான் இருந்தது என்றேன். எழுதிக்கொண்டார். வாசித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன். அவர் கார் கண்ணை விட்டு மறையும் வரைக்கும் வாசலில் நின்றேன். கேட்டதற்கு உண்மையைத்தானே சொன்னோம் என்று நெஞ்சு ஒரு பக்கம் சொன்னது.

கோலாலம்பூரில் விசாரணை நடந்த அறையை நான் கோர்ட் மாதிரி நினைத்துப் பயந்துகொண்டு வந்தேன். சாதாரண அறை. நீள மேசை, தண்ணீர் பாட்டில்கள், ஐந்து பேர். எல்லாரும் உன்னைப் போல இன்ஜினியர்கள். நீ தனியாக ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தாய், வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை. என்னைக் கூப்பிட்டு, நான் கொடுத்த வாக்குமூலம் சரிதானா என்று கேட்டார்கள். சரி என்றேன். வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று நடுவில் தலைவராக உட்கார்ந்திருந்த அம்மாள் கேட்டார். இதை நீ கவனித்தாயோ இல்லையோ, எனக்கு மறக்கவில்லை. வாசலைத் திறந்துவிட்டு நின்ற மாதிரி ஒரு கேள்வி அது. "ஒண்ணும் இல்ல" என்றேன். உட்காரச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு உன்னைக் கேட்டார்கள். வேலை நடந்த இடத்திலிருந்து பத்து நிமிஷ நடையில் இருந்திருக்கிறீர்கள், நேரமும் இருந்தது, பிறகு ஏன் போகவில்லை? ஏதாவது காரணம் உண்டா? நீ என் பக்கம் திரும்பினாய். நான் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ எவ்வளவு நேரம் என்னைப் பார்த்தாய் என்று எனக்குத் தெரியாது, ரொம்ப நேரம் போலத்தான் இருந்தது. பிறகு உன் குரல் கேட்டது. "காரணம் எதுவும் இல்லை. நான் போகவில்லை. போயிருக்க வேண்டும்."

பதிவை ரத்து செய்துவிட்டார்கள். நீ வேலை பார்த்த இடத்திலும் இருக்க முடியவில்லை. தீர்ப்பு வந்த அன்று நீ என்னை பஸ் ஏற்றிவிட வந்தாய். காத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்து, என் பையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாய். "அப்பா, நீங்க தடுத்ததை யார்கிட்டயும் சொல்ல வேணாம். நான் எங்க வேணா போய்ப் பிழைச்சுக்குவேன். நீங்க அந்த ஆளுங்க நடுவுலதான் இருக்கணும்." நான் உன் தலையைத் தடவிவிட்டு பஸ்ஸில் ஏறினேன். தாப்பா தாண்டி மலை ஏறும்போது அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. நிம்மதியாக இருந்தது, பாப்பா. என்னை மன்னித்துக்கொள் என்று எழுத வரவில்லை, இருந்ததைச் சொல்கிறேன். நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதியோடு ஒரு வருஷத்துக்குமேல் இருந்தேன். ரிங்லெட்டில் முடி வெட்டப் போனபோது பக்கத்து நாற்காலியில் இருந்தவர், என்னைத் தெரியாதவர், "படிச்ச பொண்ணு, வந்து பார்க்காமலே சாப் அடிச்சிருக்கு. ஒரு பொம்பளை கால் போச்சு. என்ன திமிரு பாருங்க" என்றார். கடைக்காரருக்கு நான் யார் என்று தெரியும், அவர் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் கண்ணாடியைப் பார்த்து, ஆமாம் என்பது போலத் தலையை ஆட்டினேன். அன்றோடு அந்த நிம்மதி போயிற்று.

போன மாதம் நீ கூச்சிங் என்று சொன்ன மறுநாள் சாரதா வீட்டுக்குப் போனேன். அவள் இப்போது பெக்டரியில் பொட்டலம் கட்டும் பிரிவில் உட்கார்ந்து செய்கிற வேலையில் இருக்கிறாள். கட்டைக் காலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். குழாய் கிடந்தது, நான் பார்த்தது, பாப்பா சப்பாத்து மாட்டியது, நான் தடுத்தது. அவள் கை நிற்காமல் கீரையை ஆய்ந்தது. முடிந்தபிறகு சொன்னாள். "அந்தக் குழாய் கிடந்தது எனக்கும் தெரியும்ணே. மண்டபத்துத் துணியெல்லாம் அதுமேலதான் காயப் போட்டேன். எனக்கு அது எதுக்குன்னு தெரியாது. உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்" என்றேன்.

"பாப்பா உங்ககிட்ட சொல்லியிருந்துச்சுல்ல?"

"சொல்லுச்சு."

"நான் தினம் அந்தப் பிள்ளையைத்தான் திட்டிக்கிட்டிருக்கேன்" என்றாள். பிறகு முகத்தை நிமிர்த்தி, "இதைப் பாப்பாகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்புறம் எங்கிட்ட எதுக்கு முதல்ல வந்து சொல்றீங்க? அதுகிட்ட போய்ச் சொல்லுங்க, போங்க" என்றாள். உட்காரச் சொல்லவில்லை. தண்ணீர் கொடுக்கவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. அவள் சொல்லவும் வேண்டாம்.

வாரியத்துக்கும் எழுதிப் போட்டேன். தெரிந்தவர் ஒருவரை வைத்து மலாயில் எழுதினேன். பதில் வந்தது. நான் சொன்னதைக் கோப்பில் சேர்த்துக்கொண்டார்களாம். ஆனால் நேரில் பார்ப்பது இன்ஜினியரின் கடமை, யார் சொன்னாலும் அது மாறாது, தீர்ப்பில் மாற்றம் இல்லை என்று எழுதியிருந்தார்கள். படித்தபோது கோபம் வந்தது. இரண்டாம் முறை படித்தபோது, நீயே இதைத்தான் சொல்லியிருப்பாய் என்று தோன்றியது. உன் தப்பை நான் இல்லை என்று ஆக்க முடியாது. அந்தக் கையெழுத்து உன்னுடையது. அப்பா சொன்னார் என்று நீ ஒரு வார்த்தையை நம்பினாய், நம்பியிருக்கக் கூடாது. உன் தொழிலில் அப்பன் வார்த்தைக்குக்கூட அந்த இடம் கிடையாது என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. உனக்கு இனி நான் புத்தி சொல்ல என்ன இருக்கிறது? ஒன்று மட்டும் கேட்கிறேன். கூச்சிங்கில் உன்னிடம் படிக்கப் போகிறவர்களில் சிலராவது இன்ஜினியராக வருவார்கள். அவர்களிடம் இதை மறைக்காதே. உன் பெயரையும் சொல், என்னையும் சொல். உன்னை நேசிக்கிற ஆள் வாசலில் நின்று தடுத்தாலும் மறு காலிலும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போங்கள் என்று சொல்.

கிளம்புவதற்கு முன் ஒரு நாள் மேலே வந்து போ என்று எழுதக் கை வருகிறது. வா என்று சொல்கிற உரிமை எனக்கு இப்போது இருக்கிறதா என்று தெரியவில்லை. வந்தால் சாரதாவைப் போய்ப் பார். என் வீட்டுக்கு வருவதும் வராததும் உன் இஷ்டம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மண்டபத்தில் வருஷாந்திரக் கூட்டம். செயலாளர் அறிக்கையை வாசித்தபிறகு நான் பதவியை விட்டு விலகுகிறேன். அதற்குப் பிறகு இந்தக் கடிதத்தின் நகலை எழுந்து நின்று வாசிக்கப் போகிறேன். சாரதாவும் அவள் புருஷனும் வருவார்கள், சொல்லி அனுப்பியிருக்கிறேன். இதை இன்று புதன்கிழமையே விரைவுத் தபாலில் போடுகிறேன், அவர்கள் காதுக்குப் போவதற்கு முன்னால் உன் கைக்கு வந்துவிட வேண்டும். நான் இந்த ஆட்கள் நடுவில்தான் இருக்கணும் என்று நீ சொன்னாய். இருக்கிறேன். ஆனால் நான் என்ன செய்தேன் என்று தெரிந்த ஆட்கள் நடுவில் இருக்கிறேன். வேண்டாம் என்று தடுக்க நினைத்தால் போன் பண்ணாதே, ஞாயிறு மத்தியானம் வரைக்கும் எடுக்க மாட்டேன்.

அன்றைக்கு அவர்கள் உன்னிடம் காரணம் கேட்டார்கள். எதுவும் இல்லை என்றாய். நீ பிறந்ததிலிருந்து நான் கேட்ட ஒரே பொய் அதுதான், அதையும் எனக்காகச் சொன்னாய். காரணம் இருந்தது, பாப்பா. அந்த அறையில், உனக்குப் பின்னால் மூன்றாவது நாற்காலியில், குனிந்து கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது.

அப்பா